மருந்துக் குப்பியின் இரண்டாவது கோடு

என் தோளில் ஏறி வளர்ந்து, என் கையில் தலை வைத்துப் போன மருமகனே, தாணு,

சாயங்காலம் நாலு மணியானால் இப்போதும் சின்னச் செம்பில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துவிடுகிறேன். அது கொதித்து மூடி தாளம் போட ஆரம்பித்த பிறகுதான், உள்ளே போடுவதற்கு ரப்பர் குழாய் இல்லையே என்ற நினைவு வருகிறது. கொதித்த தண்ணீரைக் கீழே கொட்ட மனசில்லாமல் காப்பி போடுகிறேன். ஒரு ஆளுக்குக் காப்பி போட எனக்குக் கை வரவில்லை. ரெண்டு டம்ளர் ஆகிவிடுகிறது. ரெண்டையும் நானே குடிக்கிறேன்.

ஊர்ச் செய்தி சொல்ல வேண்டுமென்றால், நாம் சென்னை ராச்சியத்தோடு சேர்ந்தாகிவிட்டது. சேர்ந்த அன்று நாகர்கோவிலில் போன ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடித்துப் போனது உன் மாமன்தான். ஆயிரக்கணக்கான ஜனம் என் பின்னால் வந்தது.

சரி. முன்னால் இல்லை, நடுவில். கையில் கொடியும் இல்லை, வெயிலுக்குப் பிடித்த குடை.

நீ இருந்தால் இந்நேரம் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டி, "மாமா, ஒரு கோடு" என்றிருப்பாய். சொல்ல ஆளில்லாததால் என் பேச்சு தறிகெட்டுப் போகிறது, தாணு. முன்பெல்லாம் நான் பத்தை நூறாக்கினால் நீ திரும்பப் பத்தாக்குவாய். இப்போது நூறு நூறாகவே நின்றுகொண்டிருக்கிறது. அதில் ஒரு சுகமும் இல்லை.

உன் தலைத் திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். உன் தங்கை பகவதி இரணியலிலிருந்து வருகிறாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவள் கல்யாண நாளைப் பற்றியது. அதை முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் உள்ளது உள்ளபடி என் வாயால் நீ கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால், அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். நீ பொறுத்துக்கொள்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசியில் புளி உலுக்க ஆள் வரவில்லை. தபாலாபீசில் குமாஸ்தாவாக இருந்த நீ, ஞாயிற்றுக்கிழமைதானே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப் புளியில் ஏறினாய். கீழே நின்று, "இன்னும் மேலே போடே, கொம்பு தாங்கும்" என்று சொன்னது நான். கொம்பு தாங்கவில்லை. நீ மல்லாக்க விழுந்து எழுந்திருக்கப் பார்த்தாய். இடுப்புக்குக் கீழே எதுவும் உன் பேச்சைக் கேட்கவில்லை.

மூன்று மாதம் ஆஸ்பத்திரி. கால் வராது என்று தெரிந்த நாளில் நீ அழவில்லை. படுக்கை நனைந்த நாளில்தான் அழுதாய். முப்பது வயது ஆண்பிள்ளைக்கு, ஒண்ணுக்கு வருவதும் தெரியாமல், போவதும் தெரியாமல், அரை மணிக்கொரு தரம் வேட்டி நனைந்தால் எப்படி இருக்கும்? உன் அம்மா, என் அக்கா, அதைப் பார்க்காமல் முன்னாடியே போய்ச் சேர்ந்தது நல்லது என்று அன்று நினைத்தேன்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினார். "முதுகுத் தண்டுல அடிபட்டதால மூளைக்கும் மூத்திரப் பைக்கும் தபால் போக்குவரத்து நின்னு போச்சு. பை தன் இஷ்டத்துக்குச் சுருங்குது. கொஞ்சம் சேர்ந்தாலே தள்ளிடுது. ஆனா முழுசாவும் காலியாகாது. மிச்சம் தங்கினா கிருமி, காய்ச்சல், கடைசியில சிறுநீரகம். அதனால நாலு மணிக்கொரு தரம் குழாய் போட்டு எடுக்கணும். தண்ணி தாராளமா குடிக்கணும். செய்வீங்களா?"

நான் பஸ் கண்டக்டர் வேலையை விட்டேன். குழாயைக் கொதிக்க வைக்கவும், முழங்கை வரை சோப்புப் போடவும், கை நடுங்காமல் அதைச் செலுத்தவும் படித்தேன். இத்தனை சுத்தமாக எங்கள் நர்சுகள்கூடச் செய்வதில்லை என்று டாக்டரம்மா வாயாரச் சொன்னார்.

சரி. "பரவாயில்லை" என்றார்.

பை நிறைந்தது உனக்குத் தெரியாது. ஆனால் உன் நெற்றிக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தது நீதான், டாக்டரம்மா இல்லை, நானும் இல்லை. பை நிறைந்தால் உன் நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். தோளில் மயிர் கூச்செறியும். மண்டை இடிக்கும். "மாமா, மழை வருது" என்பாய். நான் செம்பை அடுப்பில் ஏற்றுவேன். வெளியில் யார் இருந்தாலும், அவர்களுக்கு ஒன்றும் புரியாது. வெயில் கொளுத்தும்போது மழை வருது என்கிறானே என்று வானத்தைப் பார்ப்பார்கள். எத்தனை தடவை நாம் ரெண்டு பேரும் அதற்குச் சிரித்திருக்கிறோம்.

ஒரு வருஷம் போனது. பகவதிக்கு இரணியலில் மாப்பிள்ளை அமைந்தது.

நம் கல்யாணத்தில் பந்தல் வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவது பெண்ணின் உடன்பிறந்தவன் வேலை. மூக்குச் செம்பான கிண்டியில் தண்ணீர் எடுத்து, கால் கழுவி, துடைத்து, கைபிடித்து உள்ளே கூட்டி வர வேண்டும். நீ ஒரே அண்ணன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"பெரியப்பா மகன் கழுவட்டு. நான் உள்ளறையில கெடக்கேன். மணவறைப் பக்கத்துல வச்சு வேட்டி நனைஞ்சா, பகவதிக்கு ஆயுசுக்கும் அந்தப் பேருதான் நிக்கும்."

பகவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க அண்ணன் கழுவாத காலோட அவரு உள்ள வரண்டாம்" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் சாப்பிடவில்லை.

சரி. ஒரு நேரம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா யோசித்துவிட்டு ஒரு மிக்ஸர் கலக்கிக் கொடுத்தார். பெல்லடோனா என்று பெயர். அதைச் சரியாக உச்சரிக்கிற ஆள் நம்மூரில் நான் ஒருவன்தான். குப்பியின் பக்கவாட்டில் பல்லுப் பல்லாக வெட்டின காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு வேளைக்கு ஒரு கோடு.

"இது பையை அடக்கும்" என்றார். "துள்ளாம இருக்கும், கசியாது. ஆனா அடங்கின பை தானா கொட்டாது. குழாயை ஒரு வேளைகூட விடப்படாது. வாய் உலரும், உலர்ந்தா தண்ணி குடுங்க. ஒரு கோடுதான். கூட்டினா ஆபத்து."

"பத்தியம் என்ன டாக்டரம்மா?"

"பத்தியம் ஒண்ணும் கிடையாது. எதையும் சாப்பிடலாம்."

அங்கேதான் என் மனசில் ஒரு முள் விழுந்தது, தாணு. புளி தள்ளாமல், உப்பு தள்ளாமல், மோர் தள்ளாமல் ஒரு மருந்து எப்படிக் கேட்கும்? எங்கள் அப்பா வாதத்துக்கு நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் கிடந்தவர். பத்தியம் இல்லாத மருந்தை நான் அதுவரை பார்த்ததில்லை. டாக்டரம்மா வெள்ளைக்கார முறையில் படித்தவர், அவருக்கு இது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஆனாலும் முதல் பதினைந்து நாள் அவர் சொன்னபடியே செய்தோம். ஒரு கோடு, மூன்று வேளை. நீ குப்பியை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி, "ஒரு கோடு, மாமா" என்று கண்காணித்துக்கொண்டே இருப்பாய். நான் பேச்சில் ஏற்றிச் சொல்லும்போதும் அதையே சொல்லத் தொடங்கியது அப்போதுதான். "வைஸ்ராய் எனக்குக் கைகொடுத்தாரு" என்பேன். "ஒரு கோடு" என்பாய். "வைஸ்ராய் போன காரைப் பாத்தேன்" என்பேன். "ம், இப்ப குடிக்கலாம்" என்பாய்.

மருந்து கேட்டது. ஒன்பதாம் நாள் காலையில் குழாய் போட்டு எடுத்த பிறகு, அடுத்த நாலு மணி நேரம் உன் வேட்டி உலர்ந்தே இருந்தது. நீ கையை உள்ளே விட்டுத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அன்றைக்குத்தான் கால் கழுவுகிறேன் என்று ஒப்புக்கொண்டாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதுவரைக்கும் ஓடின பேனா இங்கே மெதுவாகப் போகிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து உனக்குத் தண்ணீரைக் குறைத்தேன். நீ கேட்டபோது, "இங்கிலீஷ் மருந்துக்கும் பத்தியம் உண்டுடே, டாக்டரம்மா நேத்து சொல்லிவிட்டாங்க" என்றேன். அவர் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலை ஐந்து மணிக்குக் குழாய் போட்டு எடுத்தேன். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து குப்பியை எடுத்தேன். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றினேன். ரெண்டு கோடு.

குடித்துவிட்டு நீ நாக்கைச் சப்பினாய். குப்பியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். ஒரு கோடு என்று சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. அந்தக் கசப்பு உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என்னை நம்பித்தான் பேசாமல் இருந்தாயா? இல்லை, உனக்கும் அந்த நாள் அவ்வளவு வேண்டியிருந்ததா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பந்தல் வாசலில் உன்னை நாற்காலியோடு தூக்கி வைத்தோம். கிண்டியை நீ பிடித்த அழகு. மாப்பிள்ளையின் ரெண்டு காலையும் நிதானமாகக் கழுவி, துண்டால் விரல் விரலாகத் துடைத்தாய். பொம்பிளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உள்ளே மணவறைப் பக்கத்தில் உன்னை உட்கார வைத்தோம். பந்தலுக்குள் அடைத்த புழுக்கம். மாப்பிள்ளைக்கு வேர்த்தது. நாதசுரக்காரருக்கு வேர்த்தது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. உன் நெற்றி மட்டும் சுட்ட ஓடு மாதிரி உலர்ந்து கிடந்தது.

நான் அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "எங்க தாணு நெத்தியப் பாத்தேரா? ஒரு பொட்டு வேர்வை உண்டா? எல்லாம் நம்ம கைப்பக்குவம்" என்றேன்.

ஒன்பது மணிக்குக் குழாய் போட வேண்டும். நெற்றி வேர்க்கவில்லையே, பை நிறையவில்லை என்று விட்டேன். ஒரு மணிக்கும் வேர்க்கவில்லை. பந்தியில் நின்றேன். "மாமா, வாய் ஒட்டுது, ஒரு மடக்குத் தண்ணி" என்றாய். "பத்தியம் முறியும் மக்கா, சாயங்காலம் வரை பொறு" என்றேன்.

அதற்கு முன்பே, தாலி கட்டி முடிந்ததும் பகவதி உன் முன்னால் குனிந்து, உன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவள் நகர்ந்த பிறகு நீ என்னிடம், "மாமா, பக்கத்துல வச்சுப் பாத்தா அவ முகம் கலங்கித் தெரியுது" என்றாய்.

"கண்ணீருடா, எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றேன்.

கண்ணீர் இல்லை. உன் கண் காய்ந்து கிடந்தது. மருந்து கூடிப்போனால் கண் மங்கும் என்று பிறகுதான் டாக்டரம்மா சொன்னார். நெற்றி வேர்வையையும் அதே மருந்துதான் நிறுத்திவிட்டது என்றார். மழை வருது என்று சொல்லுகிற ஒரே வாயையும் நான் அடைத்துவிட்டேன். பை கண்டபடி நிறைந்துகொண்டே இருந்திருக்கிறது. நாம் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம்தான் குழாய் போட்டேன். ஒரு குடம் என்று சொல்ல மாட்டேன். வழக்கமாக வருவதில் மூன்று மடங்கு. நிறம் கறுத்து, வாடையடித்தது. மறுநாள் காலையில் உனக்குக் குளிர் வந்து கட்டில் ஆடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குப்பியை வாங்கிப் பார்த்தார். "மருந்து குறையுதே. கூடக் குடுத்தீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

என் வாய் திறக்கவில்லை. எத்தனையோ பேசுகிற வாய்.

காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த நீதான் சொன்னாய். "நான்தான் டாக்டரம்மா. மாமா பாக்காத நேரத்துல நானா எடுத்துக் குடிச்சேன். தண்ணியும் நான்தான் வேண்டாம்னேன்."

நான் மருந்துச் சீட்டோடு வெளியே போய்த் திரும்பியபோது டாக்டரம்மா உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பதினோரு நாளில் காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தோம். பகவதி போய்விட்ட வீட்டில் நீயும் நானும். அந்தக் காய்ச்சலைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் கல்யாணத்தைப் பற்றி நான் பேசினேன். மயிலாடிக்கு ரோடு பிரிகிற விலக்கு டீக்கடையில், தலையெல்லாம் கல்தூசியோடு வருகிற கொத்தர்களிடம், நம் வீட்டுக்கு வருகிறவர்களிடம், எல்லோரிடமும். "ரெண்டே கோடு ஊற்றினேன், தண்ணியைக் கட்டினேன், பையன் பத்து மணி நேரம் ராஜா மாதிரி உலர்ந்து உட்கார்ந்தான்." மறுநாள் காய்ச்சல் அந்தக் கதையில் கிடையாது. அடுத்த வருஷம் ரெண்டு கோடு மூன்றானது.

நீ கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாய். என் எல்லாக் கதைக்கும் சட்டத்தைத் தட்டுகிற நீ, அந்தக் கதைக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை, தாணு? நீ தட்டியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

இல்லை. உன் மேல் போடக் கூடாது.

பிறகு காய்ச்சல் வருவதும் போவதுமாக மூன்று வருஷம். சல்ஃபா மாத்திரை, ஊசி, மறுபடி மாத்திரை. போன வருஷம் உன் முகம் வீங்கியது. சிறுநீரகம் ரெண்டும் சோர்ந்துவிட்டது என்றார்கள். கடைசி நாள் காலையில் நீ "மழை வருது மாமா" என்றாய். நான் செம்பை ஏற்றினேன். குழாய் போட்டேன். ஒன்றும் வரவில்லை. மத்தியானம் நீ போய்விட்டாய்.

சாகும் வரைக்கும் இதை இப்படியே வைத்திருந்திருப்பேன். ஆனால் போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி டீக்கடைக்கு வந்தாள். பெயர் தங்கம்மை. புதுக்கடையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பலாவிலிருந்து விழுந்து உன்னை மாதிரியே கிடக்கிறார். அதே ஆஸ்பத்திரி, அதே மிக்ஸர். மயிலாடிக் கொத்தர் ஒருவர் அம்மி விற்கப் புதுக்கடைச் சந்தைக்குப் போனவர், நம் கல்யாணக் கதையை அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்.

"மாதேவன் பிள்ளைன்னு சொல்லுகது நீங்களா அண்ணாச்சி?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். புதுக்கடை வரைக்கும் நம் பெயர் போயிருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன்.

"எனக்க மாப்பிளைக்கு நாளைக்கழிச்சுப் பத்திர ஆபீசுல ஒரு பகல் இருக்கணும். எல்லாரும் இருப்பாவ. அங்க வச்சு நனையப்பிடாதுன்னு அழுகாரு. நேத்தைக்கே குடிக்க வெள்ளம் குடுக்காம நிறுத்தியாச்சு. மருந்து மூணு கோடா, நாலு கோடா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

டீக்கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"ஒரு கோடு" என்றேன்.

"மூணுன்னுல்லா சொன்னாவ."

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

அந்தக் கொத்தர் அங்கேயே பெஞ்சில் இருந்தார். "வே, நீருதானவே மூணுன்னு சொன்னேரு. என்னைப் பொய்யனாக்குகேரே" என்றார். கடைக்காரர் சிரித்தார். "மாதேவன் பிள்ளை கணக்குல ஒண்ணுன்னா அரைன்னு வச்சுக்கிடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கம்மை மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யை நம்பி ரெண்டு பஸ் மாறி வந்தவளுக்கு உண்மையை நம்ப முடியவில்லை. அது அவள் குற்றமா?

அப்போது சொன்னேன், தாணு. ஐந்து மணிக்கு முதுகைக் காட்டி ஊற்றியது, பத்தியம் என்று பொய் சொன்னது, நெற்றி, குழாய் போடாதது, மறுநாள் குளிர், டாக்டரம்மா கேட்டபோது நீ சொன்னது, நான் சொல்லாதது. எதையும் கூட்டவில்லை. கொத்தர் தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தங்கம்மை, "அப்பம் ஒங்க மருமகன்?" என்று கேட்டாள்.

"போன ஐப்பசியில போயிட்டான்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். புதுக்கடையில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்த மனுஷனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தோம். உதடு வெடித்துக் கிடந்தது. குடிக்கிற சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். பத்திர ஆபீசுக்கு ஒரு கோடு மருந்தோடும், ஒரு செம்புத் தண்ணீரோடும், குழாயோடும் போனார்கள். நானும் போனேன். மத்தியானம் ஆபீசுக்குப் பின்னால் ஒரு வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன், தங்கம்மை குழாய் போட்டு எடுத்தாள். கொஞ்சம் நனையத்தான் செய்தது. ஒரு கையெழுத்துக்கும் அது இடைஞ்சலாக இல்லை.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி டாக்டரம்மாவைப் பார்த்தேன். நான்தான் ஊற்றினேன் என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "பூனை தட்டிவிடும்னு குப்பியை மேல்தட்டுல வச்சிருக்கிறதா நீங்கதானே பெருமையாச் சொன்னீங்க. அவருக்கு அது எப்படி எட்டும்?"

"பின்னே ஏன் அவனைத் திட்டினீங்க?"

"தன்னைத்தான் திட்டணும்னு அவரே கேட்டார். நீங்க வெளியே போனப்போ. மாமாவைத் திட்டினா மாமா குழாயைத் தொடப் பயப்படுவாங்க, எனக்கு வேற ஆளில்லைன்னார்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேட்டேன். "அந்தக் காய்ச்சல்தான் அவனைக் கொண்டுபோச்சா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு அப்புறம் எத்தனையோ காய்ச்சல். எதுன்னு என்னால சொல்ல முடியாது. அது இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தேன். கட்டில் இப்போதும் ஜன்னலோரம்தான் கிடக்கிறது. குப்பியைக் கழுவி வைத்திருக்கிறேன். காகிதக் கோடுகள் தண்ணீர் பட்டும் போகவில்லை.

பகவதி வருகிறபோது இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். தன் கல்யாணத்தன்று அண்ணன் கண் நிறையப் பார்த்தான் என்று அவள் புருஷன் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் முகம் உனக்குக் கலங்கித்தான் தெரிந்தது, அதற்குக் காரணம் நான் என்று அவள் படிக்கட்டும். பிறகு அவள் இந்த வீட்டுக்கு வருவாளோ மாட்டாளோ, அது அவள் விருப்பம். வராவிட்டால் எனக்கு ஒருவரும் இல்லை. தெரிந்துதான் கொடுக்கிறேன். அவள் படித்த பிறகு டீக்கடையில் பத்திரிகை வாசிக்கிறவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுவேன். அந்தக் கதை இன்னும் எந்தெந்தச் சந்தையில் இறங்கியிருக்கிறதோ, அங்கெல்லாம் இதுவும் போகட்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் புதுக்கடைக்குப் போகிறேன். பை நிறைந்தால் அந்த மனுஷனுக்கு நெற்றி வேர்ப்பதில்லை, காதுமடல்தான் சிவக்கிறது. தங்கம்மை அதைப் பிடித்துக்கொண்டாள். நான் போகிற அன்று ரெண்டு மூன்று கதை சொல்லுகிறேன். அவரும் நம்பிவிடுகிறார், பாவம்.

உனக்கு ஒன்று வாக்குக் கொடுக்கிறேன், மக்கா. மகாராஜாவையும் வைஸ்ராயையும் என்னால் விட முடியாது, அது என் மூச்சு. ஆனால் மருந்தைப் பற்றியும், தண்ணீரைப் பற்றியும், உன்னைப் பற்றியும் இனி என் வாயிலிருந்து ஒரு கோட்டுக்கு மேல் வராது. வந்தால் கட்டில் சட்டத்தை நானே தட்டிக்கொள்கிறேன். நேற்று ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். சத்தம் அதேதான். அடுத்தாற்போல் ஒரு குரல் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

மணி நாலாகப் போகிறது. செம்பை வைக்க வேண்டும்.

உனக்கு ரெண்டு கோடு ஊற்றிய கையால் இதை எழுதும்,
உன் தாய்மாமன்,
மாதேவன்